பூசாரி வேசத்துக்கு ஆள் வேணுமுங்க

...அதையேனுங்க கேக்கறீங்க! ஆறு மாசம் பூசாரி வேசங் கட்டுனவனுக்கு அவன் சாமி பேரே தெரியலீங்க. "உன்ற சாமி பேரென்னடா நித்தீசு?"ன்னு கேட்டா, "இருங்க தரணிண்ணா"ன்னு வேசத்தப் பத்தி எழுதி வெச்ச பேப்பரப் பொரட்டறான்!

டீயக் குடிங்க, ஆறுது. நம்ம பனியன் கம்பெனி சாம்பிள் செக்சனுக்குப் புதுசு நீங்க, இந்த வெளையாட்டு தெரியாதில்லீங்க? ஞாயித்துக்கெழமையானா அருள்புரத்துல என்ற ஊட்டு மாடில உக்காந்து வாயிலயே கதை சொல்லி வெளையாடறமுங்க. ஒருத்தரு வீரன், ஒருத்தரு திருடன், ஒருத்தரு பூசாரி. கதைய நடத்தறது நானு. டைஸ உருட்டி, உழுகற நம்பர வெச்சு பூதத்தோட சண்டை... அட, சிரிக்காதீங்க!

இந்த பக்திமான் வேசம் எடுக்கறவங்கதானுங்க தொல்லை. நித்தீசுக்குப் பூசாரின்னா பஸ்ட் எய்டு பொட்டி. அடிபட்டாத் தொறப்பான், ஆறுனா மூடிருவான், அவ்வளவுதான் பக்தி. செக்கிங் செக்சன் வர்ஷினி இருக்கறாளே, அவ சாமிக்காகக் கத்தி தூக்கற வீராங்கனை. ஐயய்யோ! பனியன்ல ஓட்டை தேடற மாதிரி எல்லாத்துகிட்டயும் பாவந் தேடறா. திருடன் ஒரே ஒரு ஆப்பிள எடுத்தான், அதுக்கு அரை மணி நேரம் பிரசங்கமுங்க! குகை வாசல்ல நின்ன பூதமே கொட்டாவி உட்டுருச்சு.

அயர்னிங் டேனியலுக்கும் பூசாரி வேசந்தான். ஆனா அவன்... வேற மாதிரிங்க. வழில குருவி செத்துக் கெடந்தா நின்னு பொதைப்பான். மூட்டை தூக்கறதுக்குன்னு கதைல ஒரு கூலிக்காரிய உட்டிருந்தேன், பேரு கூட வெக்கல. இவந்தான், "உங்க பேரென்னங்கம்மா?"ன்னான். வாயில வந்ததச் சொன்னேன், மருதாள்னு.

போன மாசம் கதைல அவ மேல பாறை உழுந்திருச்சுங்க. டேனியலுகிட்ட மந்திரமெல்லாம் தீந்துபோச்சு. டைஸக் கீழ வெச்சுட்டுக் கண்ண மூடிக்கிட்டான். "சாமி, இவளுக்கு யாருமில்ல. எனக்குக் குடுக்கறதக் கொறைச்சுக்கிட்டு இவளக் காப்பாத்து"ன்னு மெதுவா கேட்டானுங்க. வர்ஷினி கண்ணத் தொடைக்கறா.

நான்... சிரிச்சுப்போட்டனுங்க. "உன்ற சாமிக்கு லைன் பிஸியாமா, டைஸப் போடு"ன்னேன்.

அவன் செருப்பக் கால்ல தொட்டுக்கிட்டுக் கீழ எறங்கிப் போயிட்டான். அடுத்த வாரம் வர்ஷினி வரல. நித்தீசு, அந்த பஸ்ட் எய்டு பொட்டி, அவனுங்கூட வரலீங்க! அதான் ஆளு தேடிட்டிருக்கறேன். அவங்களுக்கு வெளையாடத் தெரியலீங்க, அதான்...

இல்லீங்க. அப்படியில்லீங்க. அந்த வெளையாட்டுல சாமிக்குக் கொரல் குடுக்கறதும் கதைய நடத்தறவந்தானுங்க. அவன் கண்ண மூடிக் கேட்டது என்றகிட்டத்தான். "பொழைச்சுக்கிட்டா"ன்னு ஒரு வார்த்தை... ஒத்தை வார்த்தை சொல்லியிருந்தா, என்ற வாயென்னங்க தேஞ்சா போயிருக்கும்?