எடெல்காவின் கொழுப்பு

எனக்கு எரிச்சல் வருவதெல்லாம் ஃப்ரீசர் கதவைச் சரியாக மூடாமல் போகிறவர்கள் மேல்தான். உடம்பிலிருந்து எடுத்த கொழுப்பை உடனே உறைய வைக்காவிட்டால், அதில் எந்த மரபணு வேலை செய்தது, எது சும்மா கிடந்தது என்ற சேதியெல்லாம் அழிந்துவிடும். செகெட் நகரத்து ஆய்வுக்கூடத்தில் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது, இன்ஸ்பெக்டர்.

என் கருத்து எளிமையானது. பருத்தவர் இளைத்தாலும் கொழுப்பிலுள்ள மரபணுக்கள் பழையபடியே இயங்கி, ஆளை மறுபடி பருக்க வைத்துவிடும். ஆய்வுக்கு வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் பருத்தார்கள், எடெல்காவைத் தவிர. டிராம் ஓட்டுகிறவள். தம்பி யெனோவுக்குச் சிறுநீரகம் கொடுக்க வேண்டும்; இவ்வளவு எடையோடு அறுவை செய்ய முடியாது என்று மருத்துவமனையில் சொன்னதால் இளைத்தாள். இளைத்தபடியே இருந்தாள்.

"பொகாச்சா ரொட்டி வாசம் வந்தா மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடிடறேன் டாக்டர்," என்று சிரிப்பாள். "ஆபரேஷன் முடியட்டும், அவனை ஒரு கூடை வாங்கித் தரச் சொல்றேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் இத்தனை வருட உழைப்பை ஒருத்தியின் பிடிவாதம் கெடுப்பதா? அவளுடைய மரபணுக்களைக் கொஞ்சம் தட்டி எழுப்பினால் போதும் என்று தோன்றியது. சத்து மாத்திரை என்று சொல்லி, பசியைக் கிளப்பி உடம்பைப் பருக்க வைக்கும் ஸ்டீராய்டு கொடுத்தேன். அறுவை சற்றுத் தள்ளிப்போகும், அவ்வளவுதானே.

பசி தாங்காமல் தின்றாள். முகம் உப்பியது. அறுவை தள்ளிப்போயிற்று, மறுபடியும் தள்ளிப்போயிற்று. யெனோவைப் புதைத்த வாரம் என்னிடம் வந்து அழுதாள்.

"வாயைக் கட்டத் தெரியாத கழுதை நான். என் தம்பியை நானே தின்னுட்டேன் டாக்டர்."

உன் தப்பில்லை, எல்லாம் மரபணு என்று ஆறுதல் சொன்னேன். மாத்திரையை அவள் அப்போதும் விடவில்லை. இரண்டாம் முறை கொழுப்பு எடுத்தேன். அங்கேதான் சறுக்கினேன். ஸ்டீராய்டு உடம்பில் சேர்ந்தால் துள்ளி எழும் மரபணு ஒன்று உண்டு. எனக்குத் தெரியாததல்ல. எனக்கு வேண்டிய மரபணுக்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் பொரோகா, எடெல்காவின் கொழுப்பில் அது எழுந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"இந்தம்மாவுக்கு ஸ்டீராய்டு யார் குடுத்தா?" என்று கேட்டாள்.

நான்தான் கொடுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எடெல்காவிடம் மட்டும் சொல்லாதீர்கள். எல்லாம் மரபணு என்று நம்பி இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குகிறாள். அந்தத் தூக்கத்தை அவளுக்குக் கொடுத்தவன் நான்.