பரிமளாவின் அகல டயர்

— அசையாதீங்க சிவபிரகாஷண்ணா. தோள்பட்டை எலும்பு போயிருக்கும் போல. நம்ம செல்லமுத்து கார் கூட்டியார அடிவாரத்துக்கு, காரவள்ளிக்கு எறங்கிட்டாப்ல. இப்ப வந்துருவாப்ல.

— வரட்டும் பரிமளா. நீ எப்படி சைக்கிள என் மேல ஏத்தாமப் போன? அத மொதல்ல சொல்லு.

— ஓரமா வளைச்சேங்க.

— ஓரம் பூராவும் ஜல்லி. நேத்து மழையில மேலருந்து அடிச்சுட்டு வந்தது. என்ற சக்கரம் அதுல பட்டுத்தான நழுவுச்சு? உழுந்து கெடந்து பாக்கறேன், நீ நேரா என்ற தலைக்கு வார. அவ்வளவுதான்னு கண்ண மூடிட்டேன். தொறந்தா, அந்தப் பக்கம் நிக்கற. அதே ஜல்லி மேல பூந்து போயிருக்கற.

— முப்பத்திரண்டு மில்லிமீட்டர் அகல டயருங்க. காத்தும் கம்மியா வெச்சிருந்தேன். ரோட்ட நல்லாப் புடிச்சுக்கும்.

— டயர் தானா வளைஞ்சுருமா? அட போ சாமி. பதினஞ்சு வருசமா சைக்கிள் மிதிக்கறேன், இப்படி ஒரு வெட்டு நான் பாத்ததில்ல.

— நீங்க ஏறுனது மட்டும் என்னவாம்? மலையோட எழுவது வளைவும் சீட்ட உட்டு எந்திரிக்காம ஏறுனீங்க. பின்னால நாங்க அத்தன பேரும் அதத்தான் பேசிட்டு வந்தோம்.

— ஏறறதுக்கு மூச்சு இருந்தாப் போதும். எறங்கறப்பத்தான் ஆள் தெரியும். குரூப்புல உன்னையக் கிண்டல் பண்ணுனதும் நான்தான். பால்கேன் மாட்டற வண்டிக்குப் போடற டயருன்னு.

— எல்லாருந்தான் சிரிச்சாங்க. நானுந்தான் சிரிச்சேன்.

— இல்ல கண்ணு, எனக்குப் புரியலை. இருபத்தஞ்சு மில்லிமீட்டர் டயர்ல எங்க சக்கரத்த ஒட்டியே வந்துட்டிருந்தவ நீ. கும்பலா ஓட்டறதுக்கு ஒல்லி டயர்தான் தோதுன்னு நீயே எல்லாருக்கும் சொல்லுவ. திடீர்னு இத மாட்டிட்டு வந்த. அதுலருந்து தள்ளித் தள்ளியே வார. மேல சோளக்காட்டுல டீ குடிச்சுட்டு உனக்காக நின்னோம். நீ பயந்துட்டியோன்னு நெனச்சேன்.

— பயந்தது நெசந்தாங்க.

— இன்னிக்கு எறங்குன எறக்கத்துக்கு, உனக்குப் பயமா? எங்க உழுந்துருவமோன்னா?

— எனக்காக இல்லீங்கண்ணா. போன மாசம் இதே எறக்கத்துல உங்க பின்சக்கரம் ஒருக்கா வழுக்குச்சு. நீங்க சுதாரிச்சுட்டுப் போயிட்டீங்க, திரும்பிக்கூடப் பாக்கல. நான் உங்கள ஒட்டி வந்துட்டிருந்தேன். அன்னிக்கு நீங்க உழுந்திருந்தா, அந்த டயர வெச்சுட்டு என்னால ஒதுங்கியிருக்க முடியாது. உங்க மேலதான் ஏத்தியிருப்பேன். மறுநாளே மாத்திட்டேன்.