பாக்காதவரைக்கும்

பைய, பூதத்தான் அண்ணாச்சி, பைய. அந்தத் துணிய இப்ப எடுக்காண்டாம். பிணவறைக்குள்ள வந்ததுல மயக்கமெல்லாம் வரல. முக்கூடல்ல கரை ஒதுங்குன உடம்பு என் வீட்டுக்காரவுகதானான்னு நான் பாத்துச் சொல்லணும், அம்புட்டுத்தான? சொல்லுதேன். ஓடியா போவப்போறேன்?

நான் காலேஜ்ல பிசிக்ஸ் எடுக்கேன். அவுகளும் அதேதான். வீட்டுல சோறு வடிக்கும்போதும் எங்களுக்குள்ள சண்டை எலக்ட்ரானப் பத்தித்தான். சிரிச்சுக்கிடுங்க, தப்பில்ல.

சோதனை இதுதான்: எலக்ட்ரான் மாதிரித் துகள ஒண்ணொண்ணா அனுப்புவோம். எதுக்க ரெண்டு ஓட்டை. எது வழியாப் போகுதுன்னு பாக்காம விட்டா, அந்தப் பக்கம் திரையில வரி வரியா விழும், ஒவ்வொண்ணும் ரெண்டு வழியாவும் போன மாதிரி. எந்த ஓட்டைன்னு பாத்தோமோ, வரி அழிஞ்சிரும். கதையில்ல அண்ணாச்சி, எத்தனையோ பேரு செஞ்சு பாத்தது. ஏன் அப்படின்னு கேட்டாத்தான் ஆளுக்கொரு பேச்சு.

பாக்கதுக்கு முன்னால இதுதான்னு ஒரு முடிவே கெடையாதும்பேன் நான். அவுக ஒத்துக்கிட மாட்டாக. ரெண்டுமே நடக்குது விஜி, உலகந்தான் ரெண்டாப் பிரியுதும்பாக. துகளுக்கு எப்பவும் ஒரே வழிதான், நமக்குத்தான் தெரியலன்னு சொல்லுதவங்களும் உண்டு. மூணு பேச்சுக்கும் சோதனை ஒண்ணுபோலத் தலையாட்டும். எது நெசம்னு இன்னும் பிரிச்சுக் காட்டல.

என்ன? மனுசனுக்கும் இது பொருந்துமான்னா? பொருந்தாது. இம்மாம்பெரிய உடம்பு மேல காத்தும் வெளிச்சமும் பட்டுட்டே இருக்கும்லா, அதுவே பாத்த மாதிரிதான். பிள்ளையளுக்கு நானே நடத்துத பாடம். ஆனா கல்லிடைக்குறிச்சி ஆத்துல குளிக்கப்போன மனுசன வெள்ளம் இழுத்துட்டுப் போனதுலேருந்து, வர்ற ஃபோன் ஒண்ணையும் நான் எடுக்கல. எடுக்காதவரைக்கும் அவுக ஏதோ ஒரு கரையில ஏறி, ஈரத்துண்டோட நிக்காகன்னு ஒரு நெனப்பு. படிச்சவ செய்யுத காரியமா? மனசு கேக்கலயே. கடைசியில போலீஸ்காரரு வீட்டு வாசல்லயே வந்து நின்னாரு.

இருங்க, சொல்லிருதேன். துணிக்கு வெளிய வலது கால் நீட்டிட்டு இருக்குல்லா, அங்கன பாருங்க, பெருவிரல்ல பாதி நகம் இல்ல. லேசர் வைக்குத இரும்பு ஸ்டாண்டு போன வருசம் லேப்ல அவுக கால்ல விழுந்தது. நான்தான் மருந்து போட்டுவிட்டேன். இங்கன உள்ள நொழையும்போதே பாத்துட்டேன் அண்ணாச்சி.

துணிய எடுக்காண்டாம். அந்தக் காலையும் சேத்து மூடிருங்க. பேரு கணேஷ்ராம்.