பதினாறு சீட்டு

எனக்குச் சத்தம் ஆகாது, ஐயா. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கையில் சர்க்கரையை அளக்கும் வில்லை ஒட்டியிருந்தது. அளவு இறங்கினால் வில்லை அவள் போனிலுள்ள செயலிக்குச் சொல்லும். அது மருத்துவமனைச் செயலிக்குச் சொல்லும். அங்கிருந்து நர்ஸ் என்னைக் கூப்பிடுவார். ஒரு செயலி இன்னொன்றின் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. நடுவில் ஏபிஐ என்று ஒரு சாளரம் உண்டு. ஒன்று சீட்டை நீட்டும், மற்றது ‘கிடைத்தது’ என்று பதில் சொல்லும். பதில் வந்துவிட்டால் நீட்டியது திரும்பிக் கேட்காது. வராவிட்டால் அக்காவின் போன் அலறும். அந்தச் சாளரத்தை எழுதியவன் நான்.

ஏழு வருடம் அக்காவைப் பார்த்துக்கொண்டேன். கூப்பிட்டதும் பாதிச் சோற்றில் எழுந்து வீட்டுக்கு ஓடுவேன். சர்க்கரைத் தண்ணீர் உள்ளே இறங்கியதும் கண்ணைத் திறப்பாள்.

“வந்துட்டியா, தீயணைப்பு வண்டி?”

“வரலேன்னா நீ போயிருப்பேக்கா.”

“போனா போறேன். நீயாச்சும் ஒருவேளைச் சோத்தை உக்காந்து தின்னுடா.”

அவளே சொன்னாள். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

போன மாதம் அந்தச் சாளரத்தின் நிரலில் ஒரு வரியை மாற்றினேன். சீட்டு வரும், சாளரம் ‘கிடைத்தது’ என்று சொல்லும், உள்ளே யாரிடமும் கொடுக்காது. எந்தத் திரையிலும் பிழை தெரியவில்லை. வியாழக்கிழமை மதியம் முழுச் சோற்றையும் உட்கார்ந்து சாப்பிட்டேன். கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போனேன். சோபாவில் சாய்ந்திருந்தாள், கையில் டிவி ரிமோட். போனில், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்த புது அளவுக்கு ஒன்றாகப் பதினாறு சீட்டு. பதினாறுக்கும் ‘கிடைத்தது’.

இப்போதும் எங்காவது மணி அடித்தால் கை சர்க்கரை டப்பாவைத் தேடுகிறது.

அக்காவின் எண்ணுக்கு மட்டும் எழுதியிருந்தால் நிரலைச் சோதிப்பவர் கண்ணில் பட்டிருக்கும். அதனால் அவளுடையதைப் போன்ற பழைய வில்லை வைத்திருந்த நாற்பத்தொரு பேருக்கும் சேர்த்து எழுதினேன். அடக்கம், சொந்தக்காரர்கள் என்று விடுப்பில் இருந்துவிட்டேன். அந்த வரியை எடுக்கத் திங்கட்கிழமைதான் முடிந்தது. உடம்பில் தெம்பில்லை, ஐயா.

இடையில் இன்னும் மூன்று பேர் போய்விட்டார்கள் என்கிறீர்கள். அவர்களை எனக்கு முன்பின் தெரியாது. தெரியாதவர்களுக்கு நான் எப்படிக் கெடுதல் நினைப்பேன்?