பழைய ரோட்டு பஸ்

அணை கட்டி எங்கள் பழைய ரோடு தண்ணீருக்குள் போன மறுவருஷம், மேலே வெட்டிய புது ரோட்டில் ஹட்டன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பத்து மணி பஸ் பதினொன்றாகியும் வரவில்லை. எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். சோற்றுத் தூக்கு வைத்திருந்தவள் வேறு தேயிலைத் தோட்டத்துக்காரி. ஆஸ்பத்திரியில் கிடக்கும் புருஷனைப் பார்க்கப் போகிறவள். மற்றவள் இங்கே கொழுந்தெடுப்பவள்.

“இந்த பஸ் என்னைக்குங்க நேரத்துக்கு வந்துச்சு? பழைய ரோட்டு பஸ்தான் ஒரு நாளும் தப்பாது” என்றாள் கொழுந்தெடுப்பவள்.

“அந்த ரோடுதான் தண்ணிக்குள்ள போயிருச்சே?”

“ரோடுதான் போச்சு. பஸ் பதினொன்னே காலுக்கு வந்துரும். அந்த ஹாரன் கேட்டுத்தான் நாங்க கொழுந்து நிறுக்கப் போறோம்.”

“வெளையாடாதீங்க. பன்னெண்டுக்கு மேல வார்டுக்குள்ள விடமாட்டாங்க. நேத்தும் பஸ் வராம திரும்பிட்டேன். மனுசன் தனியாக் கெடக்குறாரு.”

பனி இறங்கி ஏரியை மூடியது. கீழே, தண்ணீர்ப் பக்கமிருந்து ஹாரன் கேட்டது. புது ரோடு இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்தது. தூக்குக்காரி பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள்.

மற்றவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

“நீட்டாதீங்கக்கா. நிறுத்திருவான்.”