முன்வரிசைக்கு மட்டும் கேட்டது

உள்ளே வரும்போது கருகின வாடை அடித்திருக்கும், ஜிலியன். மன்னித்துக்கொள். பின்பக்கம் கொஞ்சம் சாமான்களைக் கொளுத்தினேன், புகை இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் இன்னும் மோசமாகிவிடும். உட்கார். டீயில் சர்க்கரை அதிகமாகவே போட்டிருக்கிறேன். நீயும் உன் அப்பாவைப் போலத்தானே.

நேற்று போனில் நீ அழுதது எனக்குச் சங்கடமாகிவிட்டது. "ரெஜ் மாமா, நிஜத்தைச் சொல்லுங்க. அப்பா உண்மையிலேயே நல்லா வாசிச்சாரா, இல்ல நீங்கல்லாம் சும்மா ஏத்திவிட்டீங்களா? நாலு நாளா வாயில ஒண்ணும் வைக்கல. நான் உதவாக்கரை, வாழ்க்கையையே வீணாக்கிட்டேன்னு சொல்லிட்டே இருக்காரு. எழுதிக் காட்டினா பேப்பரைக் கசக்கி எறியறாரு. ஏதாவது ஆதாரம் இருந்தா குடுங்க மாமா." நியாயமான கேள்வி. நியாயமான பதில் சொல்லத்தான் உன்னை வரச் சொன்னேன்.

உன் அப்பாவை வைத்து நம் டட்லி ஊர் பப்புகளில் இந்தச் சண்டை ரொம்ப காலமாக நடக்கிறது. "நெவில் ப்ரிட்சார்ட் மாதிரி குறைச்சு மதிப்பிடப்பட்ட கிடார்காரன் இங்கிலாந்துலயே கிடையாதுடா" என்பான் ஒருவன். "போடா, அவன் வாசிச்சது காதுல விழுந்தாத்தானே மதிப்புப் போட" என்பான் இன்னொருவன். ரசனைக்கு ஏது அளவுகோல், ஆளுக்கொரு காது என்று மூன்றாமவன் சமாதானம் செய்து வைப்பான். நான் என் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருப்பேன். முதல் இரண்டு பேர் சொன்னதும் உண்மை. மூன்றாமவன் சொன்னதுதான் தப்பு. அளவுகோல் இருந்தது. அது என் விரலுக்கடியில் இருந்தது.

மேடையில் நிற்பவனுக்கு அவனுடைய ஆம்ப்ளிஃபையர் சத்தம்தான் கேட்கும். ஹாலில் இருப்பவர்களுக்கு என்ன போய்ச் சேருகிறது என்பது அவனுக்குத் தெரியாது. ஹாலின் கடைசியில், ஒவ்வொருவர் சத்தத்தையும் ஏற்றி இறக்கும் மிக்ஸர் பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆளை நம்பித்தான் வாசிக்க வேண்டும். எங்கள் குழுவில் அந்த ஆள் நான்.

முதல் தடவை நடந்தது தற்செயல். வால்வர்ஹாம்ப்டனில் ஒரு கச்சேரி, எங்கள் பாடகன் கென்னுக்குத் தொண்டை கட்டியிருந்தது, குரலைக் கூட்டிக் கொடு என்றான். அதற்காகக் கிடாரைக் கொஞ்சம் இறக்கினேன், திரும்ப ஏற்ற மறந்துவிட்டேன். கைதட்டல் சுமாராகத்தான் இருந்தது. உன் அப்பா சட்டை முழுக்க வியர்வையோடு என்னிடம் வந்தான்.

"ரெஜ், எப்படிடா இருந்துச்சு? மறைக்காம சொல்லு."

"பிரமாதம்டா. இவனுங்களுக்குத்தான் புரியல."

என் தோளில் கை போட்டுக்கொண்டான். பள்ளிக்கூடத்திலிருந்து நாங்கள் சிநேகிதர்கள். ஆனால் அதுவரை என் அபிப்பிராயத்தை அவன் கேட்டதே இல்லை. கூட்டம் ஆர்ப்பரித்த இரவுகளில் கூட்டத்தோடு போய்விடுவான். நான் ஒயர் சுற்றிக்கொண்டிருப்பேன். கைதட்டல் குறைந்தால் என்னிடம் வருகிறான் என்று அன்றைக்குப் புரிந்தது. அதற்கப்புறம் நான் எதையும் மறக்கவில்லை. தெரிந்தேதான் இறக்கினேன்.

சின்ன இடங்களில் இது பலிக்காது, ஆம்ப்ளிஃபையர் சத்தமே எல்லோருக்கும் எட்டிவிடும். பெரிய ஹாலில் பலிக்கும். ஆம்ப்ளிஃபையருக்கு நேர் எதிரே நின்ற முன்வரிசைக்காரர்களுக்கு மட்டும் அவன் வாசிப்பு கேட்டது. இன்றைக்கு வரைக்கும் அவனுக்காகப் பப்பில் சண்டை போடுகிறவர்கள் அவர்கள்தான். பத்திரிகைக்காரர்கள் பின்னால், என் பக்கத்தில் நிற்பார்கள். கிடார் காதிலேயே விழவில்லை என்று அவர்கள் எழுதியதிலும் பொய் இல்லை. பிறகு முன்வரிசைக்காரர்கள் அவனைப் பற்றி அதிகமாகப் பேச ஆரம்பித்ததால், ஆம்ப்ளிஃபையரை மேடையின் ஓரத்தில் வைத்து அவன் பக்கமாகவே திருப்பச் சொன்னேன். உனக்கே நன்றாகக் கேட்கும் என்றேன். அதிலும் பொய் இல்லை.

லண்டனிலிருந்து ரெகார்டு கம்பெனிக்காரர் வந்த அன்று, முழுநேரமும் என் தோளை உரசிக்கொண்டு நின்றார். "பாடறவன் பரவால்ல. கிடார்னு ஒருத்தன் நிக்கறானே, கையில இருக்கறது அட்டையில செஞ்சதா?" என்று கேட்டார். கென்னை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். எனக்கு உன் அப்பாவை நினைத்து மனசு கேட்கவில்லை, அதை நீ நம்ப வேண்டும். மீன் வறுவல் கடைக்குக் கூட்டிப்போனேன். வினிகர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு விம்மி விம்மி அழுதான். "உன்னை மாதிரி ஒருத்தன் கிடையாதுடா" என்று நான்தான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். வேறு யார் இருந்தார்கள்?

காது விஷயமும் சொல்லிவிடுகிறேன். புதுப் பாடகன் வந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். உன் அப்பா குழுவின் வேனுக்குள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"காதுல எப்பவும் விசில் ஊதற மாதிரி இருக்குடா. சத்தத்தைக் குறை, இல்லாட்டி சுத்தமாப் போயிடும்கறாரு டாக்டர். மேடையில நான் குறைச்சுக்கறேன். ஹாலுக்கு நீ கூட்டிக் குடுத்துருவியா?"

சுலபமான வேலை. விரலை ஒரு அங்குலம் நகர்த்தினால் போதும். ஆனால் அப்படிக் கூட்டினால் முதல் இரவே ஹால் எழுந்து நின்றிருக்கும். அப்புறம் அவன் என்னிடம் எதற்கு வருவான்? "குறைச்சா ஒண்ணுமே கேக்காதுடா. இப்பவே கேக்கலங்கறானுங்க. இன்னும் கொஞ்சம் ஏத்தி வையி" என்றேன். ஏற்றினான். என் பேச்சை அவன் தட்டினதே இல்லை. இடது காது முதலில் போனது, பிறகு வலது.

போன மாதம் இங்கே வந்திருந்தான், நீ உட்கார்ந்திருக்கும் அதே நாற்காலியில். தன் குரலே தனக்குக் கேட்காததால் கத்திப் பேசினான். "ரெஜ், எல்லாத்தையும் கேட்டவன் நீ ஒருத்தன்தான்டா. நான் நல்லாத்தான் வாசிச்சேனா? ஆமான்னு தலையை மட்டும் ஆட்டுடா, போதும்." நான் தோளைக் குலுக்கினேன். தலையாட்டிவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். குலுக்கினால் மறுபடி வருவான் என்று நினைத்தேன். அவன் வரவில்லை. சாப்பாட்டை நிறுத்துவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அது என் கணக்கில் விழுந்த பிசகு, ஒப்புக்கொள்கிறேன்.

ஆதாரம் கேட்டாய். இருந்தது. ஒவ்வொரு இரவும் மிக்ஸரிலிருந்து அவன் கிடாரை மட்டும் தனியாக டேப்பில் பிடித்து வைத்திருந்தேன். மாடியறை நிறைய டேப்புகள். தினமும் ஹெட்போன் போட்டுக் கேட்பேன். சில இடங்களில் மூச்சே நின்றுவிடும், ஜிலியன். உன் அப்பா அப்படி வாசித்தான். குறைத்து மதிப்பிடப்பட்டவன் என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். எவ்வளவு குறைத்து என்று விரலால் தொட்டே காட்ட முடிந்த ஒரே கிடார்காரன் அவன்தான்.

நீ போனை வைத்ததும் யோசித்துப் பார்த்தேன். கொடுத்தால் ஊருக்கெல்லாம் போட்டுக் காட்டுவாய். ஊரே கொண்டாடும், அவனுக்கு மட்டும் கேட்காது. அந்தக் கொடுமையை அவனுக்குச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் பின்பக்கம் கொளுத்தினேன். டேப் எரிந்தால் இவ்வளவு நாறும் என்று தெரியாது.

அதற்குள் எழுந்துவிட்டாயா? டீ ஆறுகிறது. போவதானால் அவனிடம் ஒன்று மட்டும் எழுதிக் காட்டு: ரெஜ் வரச் சொன்னான், இந்த முறை தலையாட்டுவான் என்று. இந்த நாட்டில் நெவிலை ஒருநாளும் குறைத்து மதிப்பிடாத ஆள் நான் ஒருத்தன்தான்.