ஏழாம் நம்பர் தொட்டி

— பாட்டிலைக் கீழ வை. சொல்றேன்ல... கீழ வை!

— வாட்ச்மேனுக்கு மீன் தொட்டிகிட்ட என்ன வேலை? டியூட்டி முடிஞ்சாச்சு, வீட்டுக்குப் போய்த் தூங்குங்க.

— பொண்டாட்டியைப் பார்க்க வந்தேன். நான் வெளிய போறப்ப நீ உள்ள வர்ற... கல்யாணமாகி எட்டு மாசத்துல நாம பேசினதே தினம் இந்தப் பத்து நிமிஷம்தான்.

— பார்த்தாச்சுல்ல? நகருங்க. மருந்து ஊத்தணும்.

— இதுங்களுக்கு எதுக்கு மருந்து?

— அஞ்சு நாளாச்சு இந்த நாப்பது மீனும் வந்து. ஒரு துண்டு இறாலைத் தொடலை. காலைல எட்டு மணிக்குப் போடுறேன்... பாறை இடுக்குல ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, முட்டைக் கண்ணை வச்சு முழிக்குதுங்க. மதியம் அப்படியே அள்ளிக் கொட்டுறேன்.

— கூச்சமா இருக்கும். புது இடம்...

— ஆமா, புது மருமகளுங்க! இன்னைக்கும் தின்னலைன்னா வேற ஆளைப் போடுறேன்னு மேனேஜர் சொல்லிட்டார். என் வேலைங்க... சிரிக்காதீங்க.

— நான் எங்க சிரிச்சேன்? சரி... மருந்து ஊத்தினா சரியாயிருமா?

— நோவு இருந்தா சரியாகும். நோவு இல்லாத மீனுக்கு ஊத்தினா தாங்காது.

— தாங்காதுன்னா...?

— செத்துரும்.

— ஐயோ, இரு இரு! அதுங்களுக்கு ஒரு நோவும் இல்லை. அந்த வால் கிழிஞ்சவன்கூட ஜம்முனு...

— எந்த வால் கிழிஞ்சவன்?

— அது... முதல்ல பாட்டிலைக் கீழ வை.

— அஞ்சு நாளா கண்ணாடியில மூக்கை வச்சுப் பார்க்கிறேன். என் கண்ணுல படாத வால் உங்களுக்கு எப்படித் தெரியும்?

— டார்ச் அடிச்சப்ப... தற்செயலா...

— மூடியைத் திறக்கிறேன்.

— வேணாம்மா! நான்தான் போட்டேன்.

— என்னத்தை?

— இறாலை. ஐஸ் பெட்டியிலேர்ந்து எடுத்து... அஞ்சு ராத்திரியும். முதல் நாள் ரவுண்டு வந்தேனா, விளக்கை அணைச்சதும் மொத்தக் கூட்டமும் வெளிய வந்துருச்சு. போர்வையை உதறின மாதிரி இப்படித் திரும்புது, அப்படித் திரும்புது, கண்ணாடியை முட்டுது. பாவம், பசி. மனசு கேக்கலை.

— வாசல் கேட்டை விட்டுட்டு?

— கால் மணி நேரம்தான்! தெரிஞ்சா என் வேலை போயிரும். அதான் உன்கிட்டகூட வாயைத் திறக்கலை...

— நல்லாத் தின்னுதுங்களா?

— உங்க அண்ணன் நம்ம கல்யாணத்துல சாப்பிட்டாரே, அந்த மாதிரி.

— அண்ணனை இழுக்காதீங்க... அப்பாடா! நிஜமாவே தின்னுதுங்களா... அப்பாடா!

— ஏய், அழறியா?

— இல்லையே. தூக்கமில்லை, கண்ணு எரியுது.

— முதல்ல அந்தப் பாட்டிலைக் குடு... ஏய், என்ன பண்ற? எதுக்கு அதைக் குடிக்கிற! துப்பு, துப்பு!

— குழாய்த் தண்ணிதாங்க, உங்க வாயைக் கிளறத்தான். நேத்து இறால் போடுற கரண்டி இடது பக்கம் மாட்டியிருந்துச்சு. இந்த மீன் காட்சிசாலையிலேயே இடதுகைக்காரர் நீங்க ஒருத்தர்தான்.

— அடிப்பாவி! கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே...

— கிழிச்சீங்க! எனக்கு இன்னைக்கே நிச்சயமாத் தெரிஞ்சாகணும். 'இது ராத்திரி மேயுற மீன் சார், எனக்கு நைட் ஷிப்ட் குடுங்க'ன்னு மேனேஜருக்கு எழுதிக் குடுத்திருக்கேன். ராத்திரி தின்னுதுன்னு உறுதியாச் சொன்னா இன்னைக்கே மாத்தித் தர்றேன்னார். போங்க, போய் நல்லாத் தூங்குங்க... சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து வேலைக்கு வரணும்.